நேராத முறிவு

மருந்தைப் பாதியில் விட்டவரைப் பற்றி மருத்துவம் பேசும்போது அதன் பாஷை ஒழுக்கத்தின் பாஷையாகிவிடுகிறது. மருந்தை உண்டதாக நோயாளிகள் பொய் சொல்வார்கள், கவனமாயிரு என்று மருத்துவனை எச்சரிக்கும் வாசகம் ஹிப்பாக்ரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல்களிலேயே இருக்கிறது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் சிகிச்சை ஆராய்ச்சி மையத்தார், வீட்டிலிருந்து சிகிச்சை பெற்றவர்களிடம் முன்னறிவிப்பின்றிப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். அங்கே அதற்கு நியாயம் இருந்தது. ஒருவர் விட்ட மருந்து அடுத்தவர் மார்பில் இருமலாகும்.

எலும்புப்புரைக்கு இந்த நியாயம் செல்லாது. அது தொற்றுவதில்லை. முறியும்வரை வலிப்பதும் இல்லை.

நாமகிரிப்பேட்டையில், மஞ்சள் வேகவைத்தும் காயவைத்தும் அறுபதைத் தாண்டிய ஒரு அம்மாவுக்கு டாக்டர் அலெண்ட்ரோனேட் எழுதிக்கொடுத்தார். வாரம் ஒரு மாத்திரை. விடிந்ததும் வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீரோடு. அரைமணி நேரம் படுக்கக்கூடாது, டீ கூடாது. படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். எல்லாம் சரியாகச் செய்தாலே நூற்றில் ஒரு பங்குகூட உடம்பில் சேராத மருந்து அது. டீயோடு விழுங்கினால் அதுவும் போச்சு. அவர் குறித்துக்கொண்ட கிழமை செவ்வாய். மஞ்சள் ஏலத்துக்கு மூட்டை போகிற கிழமையும் அதுதான். சில மாதத்தில் நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டேன். "வலியே இல்லீங்க தம்பி, அப்பறம் எதுக்கு முழுங்கோணும்?"

இதை அறியாமை என்று தள்ள எனக்கு மனமில்லை. அனுபவவாதத்தின் கறாரான வாதம் இது. 1996இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், முதுகெலும்பு ஏற்கெனவே நொறுங்கியிருந்த பெண்களை ஏறக்குறைய மூன்று வருஷம் கவனித்தார்கள். வெற்று மாத்திரை உண்ட 1,005 பேரில் இடுப்பு முறிந்தவர்கள் 22. அலெண்ட்ரோனேட் உண்ட 1,022 பேரில் 11. பாதியாகக் குறைந்தது என்கிறார்கள், உண்மைதான். ஆனால் தப்பிய அந்தப் பத்துப் பதினோரு பேர் யார்? அவர்களுக்கே தெரியாது. தலைவலி மாத்திரைக்கு நோயாளியே சாட்சி. இதற்குச் சாட்சி நேராத ஒரு விபத்து. எங்கள் வங்கியில் மாதாமாதம் சேமிப்புக் கட்டுகிறவருக்குக்கூடப் பாஸ்புத்தகத்தில் ஒரு வரி ஏறுகிறது.

ஆக, டாக்டர் கேட்பது கீழ்ப்படிதலை அல்ல, ஒரு கற்பனையை. உடம்பை உள்ளிருந்து மட்டுமே அறிந்த ஒருவரிடம், உன்னை ஆயிரத்தில் ஒருத்தியாக வெளியிலிருந்து பார் என்கிறார். இதற்கு எந்தப் புறநோயாளி வரிசையில் நேரமிருக்கிறது? 2003இல் உலக சுகாதார நிறுவனம், பணிதல் என்ற சொல்லை விட்டு நோயாளியின் சம்மதத்தையும் உள்ளடக்கும் சொல்லை எடுத்துக்கொண்டது. சொல் நல்ல சொல்தான்.

அந்த அம்மா விட்டதே சரி என்று நான் வாதாட வரவில்லை. இடுப்பு முறிந்தால் படுக்கை. மருமகள் வேலையை விடுவாள். கிருமி இல்லாமலே தொற்றுகிற முறைகளும் உண்டு.

வருஷத்துக்கொருமுறை நரம்பில் ஏற்றும் ஸோலெட்ரோனிக் அமிலம் இப்போது இருக்கிறது. 52 செவ்வாய்களின் தீர்மானம் ஒரே காலைக்குச் சுருங்குகிறது. சுதந்திரமும் கூடவே சுருங்குகிறதா என்று எனக்குச் சந்தேகம். இடுப்பு முறிந்து படுத்திருப்பவருக்கு இந்தச் சந்தேகம் ஆடம்பரமாகப் படலாம்.