அடையாள அட்டையும் மனித மாண்பும்

குமரி முனைக்கு வடகிழக்கே, கடலை ஒட்டிக் கருங்கல் மதில்களோடு நிற்கிறது வட்டக்கோட்டை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் காலத்தில் அதனை வலுப்படுத்திக் கட்டியவர் டி லனாய் என்னும் ஐரோப்பியர். டச்சுக் கம்பெனியின் படையோடு பகைவராக வந்து, 1741-ஆம் ஆண்டு குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்னர் அதே மன்னரின் படைத்தலைவராக உயர்ந்தவர் அவர். அந்நியர் உள்ளே வராதபடி காக்கும் மதிலை எழுப்பியவரே ஓர் அந்நியர் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. அவரை இன்னார் என்று மன்னருக்கு உணர்த்தியது எந்த ஓலையும் அன்று, அவருடைய செயலே.

கோட்டை வாயிற்காவலன் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “நீ யார்?” அது வெளியிலிருந்து வருபவனை நோக்கிய கேள்வி. மதிலுக்குள் உழுபவனையும் வலை வீசுபவனையும் நாள்தோறும் வழிமறித்துக் கேட்பதற்காக எவரும் கோட்டை கட்டியதில்லை.

நம் காலத்தில் அக்கேள்வி உள்நோக்கித் திரும்பியிருக்கிறது. 2008 நவம்பர் 26 அன்று பத்துப் பேர் கடல்வழியே வந்து மும்பை நகரில் பெருங்கொடுமை புரிந்தனர். குஜராத்தின் மீன்பிடிப் படகு ஒன்றைக் கடலில் கைப்பற்றி, அதில் இருந்தோரைக் கொன்று, அதிலேயே மும்பைக் கரையை நெருங்கினர். அதன் பின்னர் இந்தியக் கடலோரம் எங்கும் மீனவர்களுக்குக் கைரேகை பதிந்த அடையாள அட்டைகள் வழங்கும் திட்டம் வந்தது. கடலுக்குச் செல்வோர் அட்டையை உடன் கொண்டு செல்ல வேண்டும் என்றும் பணிக்கப்பட்டது. குமரிக் கரையின் மீனவர்களும் இதற்கு விலக்கல்லர். கடலுக்கு இட்ட விதியை நிலத்திற்கும் ஏன் நீட்டக் கூடாது, ஒவ்வொருவரும் எந்நேரமும் அடையாள அட்டையோடுதான் நடமாட வேண்டும் என்று சட்டம் ஏன் கட்டளையிடக் கூடாது என்று கேட்போர் உளர். இக்கேள்வியைச் சினமின்றி ஆராய்வது நம் கடமையாகும்.

முதலில் மூன்று நிலைகளைப் பிரித்தறிவோம். அடையாள அட்டை ஒன்றை வைத்திருத்தல் ஒரு நிலை. ஓர் உரிமையைக் கோரும்போதோ, ஒரு குறிப்பிட்ட தொழிலைச் செய்யும்போதோ அதனைக் காட்டுதல் இரண்டாம் நிலை. எக்காரணமும் இன்றி, எவ்விடத்திலும், கேட்டவுடன் காட்டும்படி அதனைச் சுமந்து திரிதல் மூன்றாம் நிலை. ஜெர்மனியில் பதினாறு வயது நிரம்பிய குடிமகன் அடையாளச் சான்று பெற்றிருக்க வேண்டும். ஆனால் வெளியே செல்லும்போதெல்லாம் கையோடு கொண்டு செல்ல வேண்டும் என்பதில்லை. அண்டை நாடான பெல்ஜியத்திலோ பதினைந்து வயது முதல் உடன் வைத்திருந்தே ஆக வேண்டும்.

நம் நாடு பெரும்பாலும் முதல் இரண்டு நிலைகளில் நிற்கிறது. வண்டி ஓட்டுபவர் உரிமத்தைக் காட்ட வேண்டும். நியாய விலைக் கடையில் குடும்ப அட்டை வேண்டும். வாக்களிக்க அதற்குரிய சான்று வேண்டும். அரசின் மானியங்களுக்கு ஆதார் எண்ணைக் கேட்பது செல்லும் என்றும், வங்கிக் கணக்கிற்கும் கைப்பேசி இணைப்பிற்கும் அதனைக் கட்டாயமாக்குவது செல்லாது என்றும் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று தீர்ப்பளித்தது. தெருவில் நடப்பதற்கு அட்டை வேண்டும் என்று எல்லோரையும் கட்டும் பொதுச் சட்டம் இங்கு இல்லை. எனினும், குடிமக்கள் அனைவரையும் கட்டாயமாகப் பதிவு செய்து தேசிய அடையாள அட்டை வழங்கும் அதிகாரத்தை 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வாயிலாகக் குடியுரிமைச் சட்டம் மத்திய அரசுக்குத் தந்துள்ளது. ஆகவே நம் வினா வெறும் கற்பனை வினா அன்று.

கட்டாயம் வேண்டும் என்போரின் வாதத்தில் வலுவான பகுதி ஒன்று உண்டு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலைக் கலக்கியபோது, எத்தனை பேர் கடலுக்குச் சென்றிருந்தனர், எத்தனை பேர் திரும்பவில்லை என்பதற்குத் தெளிவான கணக்கே இல்லாமல் பல நாட்கள் குழப்பம் நிலவியது. அரசு சொன்ன எண்ணிக்கை ஒன்று, கடற்கரை ஊர்கள் சொன்னது வேறொன்று. பெயர் பதியப்படாதவனைத் தேடுவார் யார்? அடையாளம் என்பது பிடிப்பதற்கு மட்டும் உரியதன்று, தேடுவதற்கும் உரியது. கையில் ஒரு சான்றும் இல்லாத ஏழையை அலுவலகங்கள் அலைக்கழிப்பதையும் நாம் காண்கிறோம். செல்வருக்கு அவர் முகமே சான்றாகிறது. ஏழைக்குத்தான் அட்டை தேவைப்படுகிறது. ஆதலால் அட்டையே வேண்டாம் என்று நாம் கூறோம்.

ஆனால் அட்டையின் பயனைக் கொண்டு கட்டாயத்தை நியாயப்படுத்த முடியுமா? இதற்கு விடை தேட நாம் தென்னாப்பிரிக்கா செல்ல வேண்டும். 1906-ஆம் ஆண்டு டிரான்ஸ்வால் அரசு ஒரு சட்ட வரைவை வெளியிட்டது. எட்டு வயதுக்கு மேற்பட்ட இந்தியர் ஒவ்வொருவரும் கைரேகை பதித்துப் பதிவுச் சான்று பெற வேண்டும். காவலர் எங்கு கேட்டாலும் காட்ட வேண்டும். அதனைச் சோதிக்க வீட்டினுள்ளும் காவலர் நுழையலாம் என்றது அது. செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க் நகரின் எம்பயர் அரங்கில் இந்தியர்கள் திரண்டனர். இச்சட்டத்திற்கு ஒருபோதும் பணிவதில்லை என்று இறைவனைச் சாட்சியாக்கி உறுதி கொள்வோம் என அங்கு முழங்கியவர் சேட் ஹாஜி ஹபீப். அதன் பொருளை உணர்ந்து அவையோர்க்கு விளக்கியவர் காந்தியடிகள். சத்தியாக்கிரகம் பிறந்த இடம் அதுவே.

இதன் பின் நிகழ்ந்தது நம் ஆய்வுக்கு இன்னும் முக்கியமானது. 1908 தொடக்கத்தில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. இந்தியர்கள் தாமாகவே முன்வந்து பதிந்துகொண்டால் கட்டாயச் சட்டம் நீக்கப்படும் என்று நம்பி, காந்தியடிகளும் பெரும்பாலோரும் பதிந்துகொண்டனர். இதனைத் துரோகம் எனக் கருதிய மீர் ஆலம் என்ற பட்டாணியர் காந்தியடிகளைத் தாக்கினார். ஆனால் சட்டம் நீக்கப்படவில்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் 16 அன்று ஹமீதியா பள்ளிவாசல் திடலில், இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட சான்றுகள் ஒரு பெரிய கொப்பரையில் இடப்பட்டு எரிக்கப்பட்டன. அக்கூட்டத்திற்கு மீர் ஆலமும் வந்தார்; தாம் தாக்கியது தவறு எனக் கூறித் தம் சான்றையும் எரிப்பதற்குத் தந்தார். அப்போராட்டத்தில் சிறை சென்றோரில் தமிழர் தொகை மிகுதி.

சிந்தித்துப் பாருங்கள். தாமே விரும்பிப் பெற்ற சான்றுகளைத்தான் அவர்கள் எரித்தனர். கைரேகை பதிப்பதை அவர்கள் பொறுத்தனர். பெயர் பதிவதைப் பொறுத்தனர். “நீ குற்றவாளி அல்லன் என்பதை ஒவ்வொரு நாளும் எனக்கு மெய்ப்பித்துக்கொண்டே இரு” என்ற கட்டளையைத்தான் அவர்களால் பொறுக்க இயலவில்லை. காகிதம் ஒன்றே, விரும்பித் தரும்போது அது சான்று, மிரட்டிக் கேட்கும்போது அது விலங்கு. அதே நாட்டில் கறுப்பின மக்கள் மீது சுமத்தப்பட்ட அனுமதிச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்து 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் திரண்டோரில் 69 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அச்சட்டம் ஒழிய 1986 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அது நிறவெறி அரசு, மக்களாட்சியில் அவ்வாறு நேராது என்று சிலர் கூறலாம். பிரிட்டனைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரை முன்னிட்டு 1939-இல் அங்கு அடையாள அட்டை வந்தது. போர் முடிந்த பின்னும் அது போகவில்லை. 1950 டிசம்பரில் வண்டியோட்டி வந்த கிளாரன்ஸ் வில்காக் என்பவரிடம் காவலர் அட்டையைக் கேட்க, அவர் காட்ட மறுத்தார். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. சட்டப்படி அவர் குற்றவாளியே என்று கூறிய தலைமை நீதிபதி காடர்டு, போருக்கென வந்த அதிகாரத்தை வழக்கமாக எல்லோர் மீதும் செலுத்துவது சட்டத்தை மதிப்போரையும் சட்டத்தை மீறுவோராக்கும் என்று கண்டித்தார். 1952-இல் அட்டை முறை ஒழிந்தது. அச்சத்தின் பேரால் பிறக்கும் சட்டம் அச்சம் தீர்ந்தாலும் தானாகச் சாவதில்லை என்பதே இதில் நாம் காணும் பாடம்.

இனி நமக்கு மிக அருகே வருவோம். இலங்கையில் 1968-ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின்படி 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டது. நெடுங்காலம் அவ்வட்டை சிங்களத்தில் மட்டுமே அச்சிடப்பட்டது. வடக்கிலும் கிழக்கிலும் மட்டும் தமிழும் சேர்க்கப்பட்டது. உரிமையாக வந்த அந்தத் தமிழ் எழுத்தே போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் ஒருவரை இன்னார் என்று காட்டிக்கொடுக்கும் குறியாயிற்று. 2014-இல்தான் அனைவர்க்கும் இருமொழி அட்டை என்ற மாற்றம் வந்தது. ருவாண்டாவில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. பெல்ஜிய ஆட்சி 1930-களில் புகுத்திய அட்டையில் இனப்பெயர் எழுதப்பட்டிருந்தது. 1994-இல் சாலைத் தடைகளில் அந்த ஒற்றைச் சொல்லைப் படித்தே கொலைஞர்கள் உயிர் பறித்தனர். அட்டையை வகுத்தவர் மனத்தில் கொலை எண்ணம் இருந்திருக்க வேண்டுவதில்லை. ஆனால் எழுதி வைத்தவன் கையிலேயே எழுத்து எந்நாளும் இருப்பதில்லை.

இன்னொன்றையும் நேர்மையோடு நோக்க வேண்டும். எல்லோரும் அட்டை சுமக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், எல்லோரிடமும் அட்டை கேட்கப்படுவதில்லை. மகிழுந்தில் செல்பவரைக் காவலர் நிறுத்திக் கேட்பது அரிது. வேலை தேடி வேற்று மாநிலத்திலிருந்து வந்த கூலித் தொழிலாளியும், இரவில் நடந்து செல்லும் இளைஞனும், உடையாலோ பெயராலோ வேறுபட்டுத் தோன்றுபவனுமே கேட்கப்படுவர். சட்டம் பொது, அதன் சுமையோ சிலர் தோள் மீது. நம் இளைஞர்கள் இதனைச் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

பாதுகாப்பு என்ற வாதமும் எண்ணுமளவு உறுதியானதன்று. மும்பைக்கு வந்த அக்கொடியோர் ஹைதராபாத் கல்லூரி ஒன்றின் பெயரில் போலி அடையாள அட்டைகளை வைத்திருந்தனர். தீயவன் அட்டையை மறப்பதில்லை; வீட்டில் மறந்து வைத்துவிட்டு வருபவன் பெரும்பாலும் நல்லவனே. வலை இழுத்துத் தேய்ந்த விரலில் ரேகை பதியாமல் கருவியின் முன் தலைகுனிந்து நிற்பவனும் அவனே. சிலப்பதிகாரத்துக் கோவலன் கையில் சான்றின்றி மதுரைக்குச் செல்லவில்லை. அவன் கையில் இருந்த சிலம்பே அவனுக்குப் பகையாயிற்று. அங்குக் குறைந்தது சான்று அன்று, விசாரணை. கேட்பவனிடம் நீதி இல்லாதபோது காட்டுபவனிடம் எச்சான்று இருந்தும் பயனில்லை.

கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி நம் முன்னோர் வழிவழியாகக் கூறிவரும் செய்தி ஒன்று உண்டு. இரவில் நகர்வலம் வந்த அவர்கள், ஒரு வீட்டிலிருந்து ஐயத்திற்குரிய ஒலி கேட்டு மதில் ஏறி உள்ளே குதித்தார்கள். தவறு செய்துகொண்டிருந்த அம்மனிதர் கலங்கவில்லை. “நான் செய்த பிழை ஒன்று, தாங்கள் செய்தவையோ மூன்று. துருவி ஆராய்ந்தீர்கள், வாயில் வழியே வரவில்லை, அனுமதியும் பெறவில்லை” என்ற கருத்தில் மறுமொழி கூறினார். கலீஃபா அதனை ஏற்றுத் திரும்பினார்கள். ஐயம் உண்மையாகவே இருந்தபோதும், அதனைத் தீர்க்கும் வழி முறையானதாக இருக்க வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த விளக்கம் வேண்டுமோ? ஐயமே இல்லாத இடத்தில் ஊர் முழுவதையும் ஐயுறுவது எவ்வாறு அறமாகும்?

ஆகவே நாம் வரும் முடிவு இதுதான். அடையாளச் சான்று எல்லோர்க்கும் எளிதாகவும் கட்டணமின்றியும் கிடைக்கட்டும். ஆழ்கடல் செல்வோர்க்கும் வாகனம் ஓட்டுவோர்க்கும், அத்தொழிலின் இடர் கருதி, அதனை உடன் வைத்திருக்கச் சட்டம் பணிக்கலாம். தெருவில் நடப்பவன் அட்டையின்றி நடப்பது மட்டும் குற்றமாகக் கூடாது. காவலர் ஒருவரை நிறுத்தினால் காரணம் சொல்லட்டும். சான்று கையில் இல்லையெனில் பின்னர்க் கொண்டுவரக் காலம் தரட்டும். போர்க்காலப் பிரிட்டன்கூட இரண்டு நாள் தவணை தந்தது. அட்டையில் சாதியும் சமயமும் இடம் பெறாதிருக்கட்டும்.

அரசு தன் மக்களை அறிந்துகொள்ள விரும்புவது தவறன்று. தாய் தன் பிள்ளைகளை அறிவாள். சிறைக் காவலனும் தன் கைதிகளை அறிவான். இருவர் அறிவிலும் பெயர் உண்டு, எண்ணிக்கை உண்டு. எந்த அறிவு நமக்கு வேண்டும் என்பதைச் சட்டம் இயற்றுவோர் மட்டுமன்றி, அதன்கீழ் வாழும் நாமும் முன்கூட்டியே எண்ணித் துணிதல் வேண்டும்.