ஆதிரையின் துணை

மார்கழித் திருவாதிரை கழிந்து ஒரு கிழமை. உரும்பிராயில், செம்பாட்டு மண்ணில் வெங்காயத் தறைகள் சூழ்ந்த ஒரு கிணற்றடி. நிலவு எழ இன்னும் நேரம் இருந்தது. கிழக்கே ஆதிரை செம்மையாக ஏறி நின்றது.

மாணவன்: ஐயா, ஆதிரையின் ஒளி கூடிக் குறைகிறது என்கிறீர்கள். அது அதன் சொந்தக் குணமா, வேறொன்றின் சேர்க்கையால் வந்ததா?

ஆசான்: ஒளி மாறியதை நீ பார்த்தாயா?

மாணவன்: இல்லை. நீங்கள் சொல்லக் கேட்டேன்.

ஆசான்: அப்படியானால் இப்போது உன்னிடம் இருப்பது உரை ஒன்றுதான். காட்சி, கருதல், உரை என்று சைவ சித்தாந்த நூலான சித்தியார் அறியும் அளவைகளை வகுப்பதைப் படித்திருக்கிறாய். இந்த விண்மீனைப் பற்றி எதைப் பேசினாலும், எந்த அளவையால் அறிந்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்லிப் பழகு. மாற்றத்தை 1836இல் ஜோன் ஹேர்ஷல் வெறுங்கண்ணால் கண்டார். அது காட்சி. காரணம் எது என்பது கருதலுக்குரியது. வழுக்கி விழுகிற இடமும் அதுவே.

மாணவன்: காரணம் முதுமை அல்லவா?

ஆசான்: ஒரு பங்கு அதுதான். ஆதிரை சூரியனைப்போலப் பதினைந்து மடங்குக்குக் குறையாத திணிவோடு பிறந்தது. திணிவு கூடிய உடு தன் எரிபொருளை விரைவாகத் தீர்க்கும். ஒரு கோடி ஆண்டளவிலேயே மையத்து ஐதரசன் முடிந்து, உடல் வீங்கிவிட்டது. சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் செவ்வாயின் பாதையும் அதற்குள் அடங்கும். அவ்வளவு தளர்ந்த உடல் தானாகவே விம்மித் தணியும். ஏறத்தாழ 400 நாளுக்கு ஒரு முறை வரும் மாற்றம் அப்படிப்பட்டது. அதற்கு வேறு யாரும் வேண்டியதில்லை.

மாணவன்: வேறு மாற்றமும் உண்டா?

ஆசான்: உண்டு. ஏறத்தாழ 2,100 நாள், அதாவது ஆறு ஆண்டுக்குச் சற்றுக் குறைவான ஒரு நீண்ட ஏற்றத்தாழ்வு. உடலின் விம்மலைக்கொண்டு அதற்கு எளிதில் கணக்குச் சொல்ல முடியவில்லை. 2024இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள், கண்ணுக்குத் தெரியாத சிறிய துணை ஒன்று ஆதிரையைச் சுற்றிவருகிறது என்று கருதின. துணை போகும் வழியில் தூசி விலகுவதால் ஒளி கூடித் தெரிகிறது என்பது அவற்றில் ஒன்றின் விளக்கம். இது கருதல்.

மாணவன்: பிறகு யாரும் காணவில்லையா?

ஆசான்: ஹவாயில், மௌனா கியா மலையில் 8.1 மீற்றர் ஆடியுள்ள ஜெமினி வடக்குத் தொலைகாட்டி இருக்கிறது. 2024 டிசம்பரில் அதனால் மிகக் குறுகிய நேரப் படங்களை ஏராளமாக எடுத்து, காற்றின் நடுக்கத்தைக் கணக்கால் நீக்கிப் பார்த்தார்கள். கணித்த இடத்துக்கு அருகே ஒரு மங்கிய புள்ளி தெரிந்ததாக 2025 யூலையில் அறிவித்தார்கள். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல நான்கு மடங்கு தூரத்தில், ஆதிரையின் விரிந்த வளிமண்டலத்துக்குள்ளேயே அது சுழல்கிறது. ஒளி மிக நலிந்தது. கண்டவர்களே 'இருக்கக்கூடும்' என்ற அளவில்தான் சொன்னார்கள். நம் நூலோர் இதை ஐயக்காட்சி என்பார்கள்.

மாணவன்: ஆனாலும் விளக்கம் கிடைத்துவிட்டது, ஐயா. 2020இல் ஆதிரை மங்கியதும் இந்தத் துணையால்தான்.

ஆசான்: பார்த்தாயா, எவ்வளவு விரைவாகப் பழியைத் துணையின் தலையில் போட்டுவிட்டாய்! 2020 பெப்ரவரியில் அதன் ஒளி வழமையில் மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கியது உண்மை. ஆனால் ஆதிரை தானே கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி அதன் தென்பாதியை மறைத்தது என்பதே படங்களை ஆராய்ந்தவர்கள் கண்ட முடிவு. 400 நாள் மாற்றம் தன்னுடையது. 2,100 நாள் மாற்றம் துணையால் இருக்கலாம். 2020இன் மங்கல் மறுபடியும் தன்னுடையது. ஒரே உடுவில் மூன்று கணக்கு. மூன்றையும் ஒரு பேரேட்டில் எழுதக்கூடாது.

மாணவன்: துணை இருப்பது உறுதியானால், மாற்றம் அதனால்தான் என்று கொள்ளலாமே?

ஆசான்: கேட்டையைக் கேள். வைகாசி, ஆனி இரவுகளில் விருச்சிகத்தின் நடுவில் சிவந்து நிற்கும். அதுவும் வீங்கிய முதிய உடுதான். 1819 ஏப்ரல் 13ஆம் திகதி சந்திரன் அதை மறைத்து விலகியபோது வியன்னாவில் பியூர்க் என்ற வானியலாளர் பார்த்துக்கொண்டிருந்தார். சந்திர விளிம்பில் முதலில் ஒரு மங்கிய மீன் தோன்றியது. சில செக்கன்கள் கழித்துத்தான் கேட்டை பளிச்சென்று வெளிப்பட்டது. அந்தச் சில செக்கன்களில் துணை அகப்பட்டுவிட்டது. இது ஐயமற்ற காட்சி. ஆனால் அந்தத் துணை மிகத் தொலைவில் இருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் வேண்டும். கேட்டையின் ஒளி சில ஆண்டுகளுக்குள் கூடிக் குறைவதை அதன் கணக்கில் எழுத முடியாது.

மாணவன்: துணை தெரிந்தும் காரணம் அதுவல்ல!

ஆசான்: மறுதலையும் உண்டு. சித்திரை இரவுகளில் உரும்பிராயிலிருந்து தெற்கே, இருபது பாகை உயரத்தில் ஈட்டா கரினே நிற்கும். இன்று அது கண்ணுக்கு மிக மங்கல். 1843இல் வானத்திலேயே இரண்டாவது பிரகாசமான உடுவாகப் பொங்கியது. அதன் நிறமாலைக் கோடுகள் ஐந்தரை ஆண்டுக்கு ஒரு முறை தவறாமல் மாறுவதை 1996இல் பிரேசிலின் அகஸ்தோ தமினெலி காட்டினார். தவணை தப்பாத அந்த ஒழுங்கிலிருந்துதான் துணை அறியப்பட்டது. அங்கே கருதலே வழிகாட்டியது.

மாணவன்: அப்போது சித்தாந்தம் உயிரைப்பற்றிச் சொல்லும் சார்ந்ததன் வண்ணமாதல் இங்கும் பொருந்தும் அல்லவா? உயிர் எதைச் சார்கிறதோ அதன் தன்மையாய் நிற்பதுபோல...

ஆசான்: அவசரப்படாதே, தம்பி. உயிர் அறிவுள்ளது. சார்ந்ததை அறிந்து அதுவாகிறது. உடு சடம், ஈர்ப்பைத் தாங்குகிறது, அவ்வளவே. ஒப்புமை அழகாக இருப்பதால் உண்மையாகிவிடாது. சைவத்துக்கு வானியலைச் சாட்சிக்கு அழைக்க வேண்டிய தேவை இல்லை. சித்தாந்தத்திடமிருந்து இங்கே நாம் எடுக்கத்தக்கது அளவை ஒழுக்கம். அது போதும், அது பெரியது.

மாணவன்: தொலைகாட்டி இல்லாத நான் எந்த அளவையால் அறிவது?

ஆசான்: காட்சியால். 1867இல் சென்னை வானாய்வகத்தில் சிந்தாமணி ரகுநாதாசாரி ஓர் உடுவின் ஒளி மாறுவதைக் கண்டுபிடித்தார். அவர் பஞ்சாங்கக் கணிதர் குடும்பத்தில் வந்தவர். ஒளிமாற்றம் ஒரு நாள் பார்வைக்குப் பிடிபடாது, ஆண்டுக்கணக்கில் பார்க்கிறவனுக்கே பிடிபடும். ஆதிரைக்கு உனக்குக் கண்ணே போதும். ரோகிணியையும் புரோசியன் என்ற உடுவையும் பக்கத்து அளவுகோலாக வை. ரோகிணியைவிடக் கூடவா, புரோசியனைவிடக் குறைவா, இடையில் எத்தனை பங்கு என்று மதிப்பிடு. அடிவானத்துக்கு அருகே நிற்கும் மீனை உயரத்தில் நிற்பதோடு ஒப்பிடாதே. காற்று ஒளியைக் குடித்துவிடும். திகதி, நேரம், நிலவு, முகில் எல்லாவற்றையும் கொப்பியில் எழுது. எதிர்பார்த்ததை எழுதாதே, கண்டதை எழுது. ஆனியில் அது சூரியனோடு நிற்கும், தெரியாது. அந்த இடைவெளியை வெறுமையாகவே விடு. ஒளிமாறும் உடுக்களை நோக்குவோருக்கென்று 1911இல் அமெரிக்காவில் தொடங்கிய சங்கம் எந்த நாட்டவரின் கணக்கையும் ஏற்கும். அங்கே அனுப்பு.

மாணவன்: எவ்வளவு காலம், ஐயா?

ஆசான்: 2027 நவம்பரளவில் துணை ஆதிரையிலிருந்து நன்கு விலகித் தோன்றும். பெரிய தொலைகாட்டிகள் அப்போது அதைத் திரும்பவும் தேடும். அதுவரை வரும் ஒவ்வொரு மாரியின் கணக்கும் உன் கொப்பியில் இருக்கட்டும். இன்றைய திகதியைப் போட்டுத் தொடங்கு.