கௌதியும் ‘ஒன்லி’யும்

குழந்தைக்குக் கௌதி என்னும் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் கர்நாடகத்துப் பெண்கள் தேடி எடுப்பது பழஞ்சேலையைத்தான். துவைத்துத் துவைத்து மெத்தென்றான துணி பிஞ்சு உடம்பை உறுத்தாது. மைசூருவில் காதில் விழும் ஆங்கிலத்திலும் அப்படிப் பழந்துணி ஒட்டியிருக்கிறது. ‘டுமாரோ ஒன்லி’ என்றால் முகம் சுளிக்கிறவர்கள், கன்னடத்து ‘நாளெயே’, நம் ‘நாளைக்கே’ இரண்டிலும் அழுத்தம் சொல்லின் கடைசியில் ஏறுவதைக் கவனிக்க வேண்டும். அது நாக்கின் சோம்பல் அல்ல, தாய்மொழியின் இலக்கணம். நேர்முகத் தேர்வில் இது எடுபடாதே என்பார்கள். உண்மைதான், அந்த இடத்துக்கான நடையைத் தனியே கற்றுக்கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். அதற்காக வகுப்பில் ஒரு பிள்ளையைக் கேலி செய்வது கொடுமை. பிழையென்று அடித்துத் திருத்தப்பட்ட ‘பிரிபோன்’ (முன்தேதிக்கு மாற்றுவது) இன்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இருக்கிறது. 1969 முதல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இயங்கிவரும் ஊரிலாவது அந்தச் சிரிப்பு நிற்கட்டும்.