கேட்கச் செய்தலும் சிவப்பணியே

திருஞானசம்பந்தப் பிள்ளையார் மூன்று வயதிற் பாடியருளிய முதற் பதிகம் இறைவனின் திருச்செவியைச் சொல்லியே தொடங்குகின்றது. திருவள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். தேவாரம், புராணபடனம், குருவின் உபதேசம் யாவும் சைவ மக்களுக்குச் செவிவழி வந்த செல்வங்களாகும். அச்செல்வம் எட்டாத பிள்ளைக்கு ஊரார் ஆற்றவேண்டிய கடமை யாது என்பது சிந்தனைக்குரியது.

ஆசிரியர் கூப்பிடத் திரும்பாத பிள்ளையை "கவனமில்லாதவன்" என்று சொல்லிவிடுவது எளிது. அரைகுறையாகக் கேட்கும் பிள்ளை, மற்றவர்க்கும் இவ்வாறே கேட்கின்றது என எண்ணியிருக்கும். கேளாத சொல்லை நாவும் பழகாது. மொழி பிடிபடும் இளம்பருவம் கடந்தால், இழந்ததை மீட்பது கடினம்.

"அது அதன் முன்வினை" என்று ஒதுங்குவோரும் உளர். வினைப்பயனை ஊட்டுபவன் சிவன் என்பது சித்தாந்தம். ஆயினும் பிறர் வினையைக் கணக்குப் பார்க்கும் பொறுப்பை அவன் எவரிடமும் ஒப்படைக்கவில்லை. அன்னதானப் பந்தியில் இருப்பவரின் முன்வினையை எவரும் விசாரிப்பதில்லை. செவியின் பசிக்கும் அதுவே நீதி. மேலும், சிறுவரின் செவிப்புலன் இழப்பில் ஏறத்தாழ 60 வீதம் தடுக்கக்கூடிய காரணங்களால் வருவதென உலக சுகாதார நிறுவனம் 2021 இல் அறிவித்தது. காதிற் சீழ் வடிதல், சின்னமுத்து, மூளைக்காய்ச்சல் என்பன அவற்றுட் சில.

1912 இல் மேரி சப்மன் அம்மையார் இந்நாட்டில் செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கெனப் பாடசாலை தொடங்கினார். வடபகுதிப் பிள்ளைகளுக்குக் கைதடி நவீல்ட் பாடசாலை அப்பணியை ஆற்றி வருகின்றது. வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்க 1996 இல் 28 ஆம் இலக்கச் சட்டமும் இயற்றப்பட்டது. ஆகவே உதவி பெறும் பிள்ளை இரந்து நிற்பதில்லை. தனக்கு உரியதையே பெறுகின்றது.

கருவியை வாங்கிக் கொடுத்ததோடு தருமம் முடிந்துவிடுமா? பிள்ளை வளர வளரக் காதுக்குள் பொருத்தும் அச்சை மாற்றவேண்டும். சிறிய பற்றறி ஒன்றிரண்டு வாரங்களே உழைக்கும். வியர்வையும் ஈரமும் கருவியைப் பழுதாக்கும். பற்றறி வாங்க வழியில்லாத வீட்டில் கருவி லாச்சிக்குள் உறங்கும். கோயிலுக்குத் தூண்டாமணி விளக்கை உபயம் செய்பவர், அதற்கு எண்ணெய்க்கும் வழி செய்வதன்றோ முறை?

பணமின்றிச் செய்யக்கூடியனவும் உண்டு. ஐயம் எழுந்தவுடன் பிள்ளையை யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லலாம். வகுப்பில் முன்வரிசையில் இருத்தி, முகம் பார்த்துப் பேசலாம். கருவி எல்லா ஒலியையும் பெருக்குவதால், இரைச்சலில் அப்பிள்ளை தடுமாறும். திருவிழாவில் ஒலிபெருக்கியைச் சற்றுத் தணித்தால் அதற்கும் தேவாரம் கேட்கும். மற்றப் பிள்ளைகளின் காதும் பழுதுபடாது. கருவி வழங்கும்போது பிள்ளையை மேடையேற்றிப் படம் பிடிக்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். வெட்கப்படும் பிள்ளை கருவியைக் கழற்றி ஒளிக்கும். அப்போது கொடுத்தவரின் பெயர் நிற்கும், கொடுத்த பயன் நில்லாது.

அடியார் குறைகளை ஆண்டவன் செவிமடுப்பான் என நம்பியே அச்சுவேலி மக்கள் திருமுன்னிலையில் நிற்கின்றனர். தம் அயலிற் கேளாதிருக்கும் ஒரு பிள்ளைக்காக அவர்கள் செவிசாய்ப்பதும் அவ்வழிபாட்டின் பகுதியேயாகும்.