குப்பையும் மனச்சாட்சியும்

வீட்டுக் குப்பையைப் பிரித்து வைப்பவன் உலகத்துக்கு நன்மை செய்கிறானா? கேள்வி அற்பமானதாகத் தோன்றலாம். அடுப்படிக் கழிவை ஒரு வாளியிலும், கடதாசியை இன்னொன்றிலும், போத்தலையும் பேணியையும் வேறொன்றிலும் இட்டு வைக்கும் வேலையைக் கொழும்பிலும் கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் எத்தனையோ குடும்பங்கள் இன்று செய்து வருகின்றன. அவர்களுள் ஒரு சாரார், இதனால் இயற்கை காப்பாற்றப்படுகின்றது என்று மனநிறைவு கொள்கின்றனர். மற்றொரு சாரார், எல்லாம் கடைசியில் ஒரே லொறியில் ஒரே மேட்டுக்குத்தானே போகின்றது என்று கைவிரிக்கின்றனர். இரு சாராரும் சொல்வதில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியைப் பற்றியே நாம் இங்கு பேச விரும்புகின்றோம்.

2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று, கொழும்பின் புறத்தேயுள்ள மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து அடிவாரத்து வீடுகளின் மீது வீழ்ந்தது. 32 பேர் மாண்டனர். அம்மலை இயற்கை எழுப்பியதன்று. புளூமென்டால் மேடு 2009இல் மூடப்பட்ட பின்னர், தலைநகரம் நாள்தோறும் கழித்து ஒதுக்கியவற்றைச் சுமந்தே அது வளர்ந்தது. அதன் நிழலில் வாழ்ந்த மக்கள் பல ஆண்டுகளாக முறையிட்டனர். வீதியில் இறங்கிக் கோஷமிட்டனர். கேட்பார் இருக்கவில்லை. குப்பையை உண்டாக்கியவர்கள் ஓரிடத்தில். அதன் கீழ் புதையுண்டவர்கள் வேறோரிடத்தில். நாம் எடுத்துக்கொண்ட கேள்வி இயற்கையைப் பற்றியது மட்டுமன்று, மனிதருக்கும் மனிதருக்கும் இடையிலான நீதியைப் பற்றியது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அதன் பின்னர் கொழும்பின் குப்பைக்குப் புத்தளம் மாவட்டத்து அறுவாக்காடு இடமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. புத்தளத்து மக்கள் 2018இலும் 2019இலும் திரண்டெழுந்து எதிர்த்தனர். 1990இல் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பெருந்தொகையாக வாழும் மாவட்டம் அது. ஊரை இழந்து வந்தவர்களின் அயலுக்கே தலைநகரத்தின் கழிவையும் அனுப்பலாம் என்று எண்ணத் துணிந்தோரின் மனோபாவம் ஆராயத்தக்கது.

இனி, பிரித்து வைப்பதால் உண்மையில் விளைவது யாது? எல்லாக் குப்பையும் ஒரே இயல்பினதன்று. பொதுவாகப் புகழ்வதும் பொதுவாக இகழ்வதும் அறிவுடைமையாகா.

எமது நாட்டில் உள்ளூராட்சிச் சபைகள் சேர்க்கும் குப்பையில் பாதிக்கு மேற்பட்டது உக்கக்கூடியது: மரக்கறித் தோல், மீன் செதில், மிஞ்சிய சோறு, தேங்காய்ப்பூச் சக்கை, இலை குழை. இது பிளாஸ்டிக்கோடு கலந்து காற்றுப் புகாத மேட்டினுள் அமிழும்போது மீதேன் வாயுவாக மாறுகின்றது. ஒரு நூற்றாண்டுக் கணக்கில் நோக்கினால், எடைக்கு எடை, கரியமில வாயுவைப்போல் ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கவல்லது மீதேன். மேட்டிலிருந்து கசியும் கரிய நீர் கிணற்றையும் வாய்க்காலையும் கெடுக்கின்றது. சூழவுள்ள காட்டு மிருகங்களும் தப்புவதில்லை. அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டுக்கு யானைகள் வருவது பிளாஸ்டிக்கைத் தேடியன்று. அதில் ஒட்டியிருக்கும் உணவின் வாசனையைத் தேடியே. உணவோடு பொலித்தீனையும் விழுங்கி அவை மடிகின்றன. அதே உக்கும் கழிவு தனியே பிரிந்து, காற்றுப்படும் குவியலில் கிடந்தால் சில மாதங்களில் எருவாகிவிடும். ஆகவே ஈரக் கழிவையும் உலர் கழிவையும் வேறாக்கும் அந்த ஒரேயொரு செயலில் ஐயத்துக்கு இடமில்லாத பயன் உண்டு.

இது எம்மவருக்குப் புதிய பாடமுமன்று. யாழ்ப்பாணத்துக் கமக்காரன் வேலியில் வெட்டிய குழையைப் புகையிலைத் தோட்டத்தில் தாழ்த்தினான். வன்னிக் காட்டிலிருந்தும் வண்டி வண்டியாகக் குழை கொண்டுவந்து செம்மண்ணுக்கு இட்டான். வளவுக்கு வளவு எருக்குழி இருந்தது. மாட்டுத்தொழுவத்துக் கூளமும் அடுப்புச் சாம்பலும் அதற்குள் போயின. இதற்கு ஒருவரும் சூழல் பாதுகாப்பு என்று பெயர் சூட்டவில்லை. மண்ணுக்குப் பசளை வேண்டியிருந்தது, அவ்வளவே. ஆனால் பழம்பெருமை பேசி இன்றைய பிரச்சினையைத் தீர்த்துவிட முடியாது. தொடர்மாடியின் நான்காம் தட்டில் இரண்டு அறைக்குள் வாழும் குடும்பம் எருக்குழிக்கு எங்கே போகும்? அவர்களுக்கு வேண்டியது உபதேசமன்று. ஈரக் கழிவைத் தனியே எடுத்துச் சென்று உக்கவைக்கும் ஒழுங்கான பொதுச் சேவையே.

உலோகத்துக்கும் கண்ணாடிக்கும் வழக்கு எளிது. பழைய அலுமினியத்தை உருக்கிப் புதியது செய்வதற்கு, மண்ணிலிருந்து அகழ்ந்து செய்வதற்கு வேண்டிய சக்தியில் இருபதில் ஒரு பங்கு போதும். எத்தனை முறை உருக்கினாலும் அதன் தரம் குன்றாது. கண்ணாடியும் அவ்வாறே. கடதாசியின் நார் ஒவ்வொரு முறையும் குறுகுவதால் சில தடவைகளே தாங்கும். இவற்றை மீட்கும் தொழிலைப் பழைய போத்தலும் பழைய இரும்பும் வாங்கத் தெருத்தெருவாகக் கூவித் திரியும் ஏழைகள், எந்தப் பிரசாரமும் தொடங்குமுன்னரே செய்து வந்திருக்கின்றனர். அவர்களைச் சூழலின் காவலர் என்று எவரும் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தியதாக நாம் அறியோம்.

சிக்கல் பிளாஸ்டிக்கிலே பிறக்கின்றது. பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்தி நிறுவனம் 2022இல் வெளியிட்ட கணக்கின்படி, 2019இல் உலகில் கழிவான பிளாஸ்டிக் ஏறத்தாழ 353 மில்லியன் தொன். அதில் மீளப் பயன்பட்டது வெறும் 9 வீதம். மக்கள் சோம்பேறிகள் என்பதால் மட்டும் இப்படி நேரவில்லை. பிளாஸ்டிக் என்பது ஒரு பொருளன்று; ஒன்றோடொன்று கலந்து உருக்க முடியாத பல பொருள்களின் கூட்டம். பால்மாப் பக்கற்றையும் பிஸ்கற் உறையையும் எடுத்துப் பாருங்கள். பிளாஸ்டிக்கும் உலோகப் படலமும் மெல்லிய அடுக்குகளாக ஒட்டப்பட்டுள்ளன. அவற்றைப் பிரித்தெடுக்கும் செலவு, புதிய பிளாஸ்டிக் செய்யும் செலவிலும் அதிகம். போத்தலின் அடியில் அம்புகளாலான முக்கோணத்துள் ஓர் எண் பொறித்திருப்பதைக் காண்கிறோம். அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழிலதிபர்களின் சங்கம் 1988இல் புகுத்திய அடையாளம் அது. எவ்வகைப் பிளாஸ்டிக் என்று சொல்வதற்கப்பால் அந்த எண்ணுக்கு ஒரு பொருளும் கிடையாது. வாங்குபவனோ அதை மீட்சிக்கான வாக்குறுதியாக வாசிக்கின்றான். அவ்வாறு வாசிப்பதில் விற்பவனுக்கு நட்டம் எதுவுமில்லை.

இங்கே சிறிது சரித்திரம் வேண்டும். 1953இல் அமெரிக்காவின் வெர்மொன்ற் மாநிலம், திருப்பிக் கொடுக்க முடியாத போத்தல்களில் பியர் விற்பதைச் சட்டத்தால் தடுத்தது. நான்கு ஆண்டுகளில் அச்சட்டம் காலாவதியாக விடப்பட்டது. அதே 1953இல், பானக் கொம்பனிகளும் பேணி, போத்தல் செய்யும் கொம்பனிகளும் ஆதரவளிக்க, அமெரிக்காவை அழகாக வைத்திருப்போம் என்னும் பெயருடைய இயக்கம் பிறந்தது. 1971இல் அவ்வியக்கம் தொலைக்காட்சியில் காட்டிய விளம்பரம் உலகப் புகழ் பெற்றது. குப்பை நிறைந்த நதியையும் வீதியையும் கண்டு ஒரு செவ்விந்தியர் கண்ணீர் உகுக்கின்றார். நடித்தவரோ இத்தாலிய வமிசத்தவர். அவ்விளம்பரத்தின் சாரம் இதுதான்: அழுக்காக்குபவர்கள் மக்கள், எனவே திருந்த வேண்டியவர்களும் மக்கள். போத்தலைத் திருப்பி வாங்கும் கடமையிலிருந்து கொம்பனி மெல்ல நழுவிக்கொள்ள, அக்கடமை கண்ணீரோடு வீட்டுக்காரனின் தலையில் வந்து இறங்கியது. எமது கடைகளிலும் வெறும் போத்தலைக் கொடுத்துச் சோடா வாங்கிய காலம் நெடுந்தொலைவில் இல்லை. அப்போது போத்தல் குப்பையாகவே இருக்கவில்லை.

பிரிக்கும் பழக்கம் வேறொரு தீங்கையும் உடன் கொண்டுவருகின்றது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், கத்தரிக்கோலைச் சோதித்துப் பார்க்கும்படி கூறிச் சிலரிடம் கடதாசி கொடுத்தனர். மீளுருவாக்கத்துக்கான தொட்டி அறையில் இருந்தபோது, அது இல்லாதபோது வெட்டியதைவிட அதிகம் கடதாசியை அவர்கள் வெட்டித் தள்ளினர். மனச்சாட்சிக்கு ஒரு தொட்டி கிடைத்துவிட்டால் கை தாராளமாகி விடுகின்றது போலும்!

வாளியை விட்டகன்ற பொருள் எங்கே போகின்றது என்பதும் எளிதில் தெரிவதில்லை. 2017 முதல் 2019 வரை பிரித்தானியாவிலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்குக் கழிவு நிரம்பிய 263 கொள்கலன்கள் வந்திறங்கின. மீளப் பயன்படுத்துவதற்கான பழைய மெத்தைகளும் கம்பளங்களும் என்ற பெயரில் வந்தவற்றுள் மருத்துவமனைக் கழிவும் கலந்திருந்தது. எதிர்ப்பு எழுந்தது; வழக்கு நடந்தது. 2020 செப்டெம்பரில் 21 கொள்கலன்கள் முதலில் திருப்பி அனுப்பப்பட்டன. எஞ்சியவற்றின் இறுதித் தொகுதி 2022 பெப்ரவரியில் கப்பலேறியது. செல்வந்த நாடொன்றில் எவரோ நல்லெண்ணத்தோடு தம் பழைய பொருளை உரிய இடத்தில் ஒப்படைத்திருக்கலாம். அந்த நல்லெண்ணத்தின் மறுமுனை எமது துறைமுகத்தில் நாறிக் கிடந்தது.

அப்படியானால் கைவிரிப்பவர் சொல்வதே சரி என்றாகிவிடாதா? ஆகாது. நான் ஒருவன் செய்து என்ன, செய்யாது விட்டு என்ன என்பது அவர்கள் வாதம். ஆங்கில மெய்யியலாளர் டெரெக் பார்பிற் 1984இல் வெளிவந்த தமது நூலில் இந்த வாதத்தின் ஓட்டையைச் சுட்டிக்காட்டினார். ஆயிரம் பேர் ஆளுக்கொரு விசையை அழுத்துகின்றனர்; ஒவ்வொரு விசையாலும் உண்டாகும் வலி உணர முடியாத அளவு சிறியது; ஆயினும் ஆயிரமும் சேர்ந்து ஒரு மனிதனை வதைக்கின்றன. என் பங்கு புலப்படாதது, ஆகவே நான் குற்றமற்றவன் என்று அந்த ஆயிரவருள் எவன் சொல்லலாம்? மீதொட்டமுல்லை மலையும் கைக்கெட்டிய சிறு பைகளாலேயே எழுந்தது. எனினும் இதே வாதத்தை மறுபுறமும் செலுத்த வேண்டும். ஆயிரம் விசைகளையும் செய்து, கையில் கொடுத்து, அழுத்தாமல் வாழ முடியாதபடி ஆக்கியவனின் பங்கு, அழுத்தியவனின் பங்கைப் போன்று சிறியதன்று. வீட்டுக்காரனின் பொறுப்பையும் உற்பத்தியாளனின் பொறுப்பையும் ஒரே தராசுத் தட்டில் வைப்போர் கணக்குத் தெரியாதவர்கள். அல்லது நன்றாகத் தெரிந்தவர்கள்.

ஆனால் பிரித்து வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. சூழலைப் பற்றிய சொற்பொழிவுகளில் அது இடம்பெறுவதில்லை. எமக்கோ அதுவே முதன்மையான காரணமாகப் படுகின்றது. எமது குப்பைப் பையைத் திறப்பது இயந்திரமன்று. ஒரு மனிதக் கை. உடைந்த கண்ணாடி, பாவித்த ஊசி, சவர அலகு, புழுத்த மீன் யாவும் ஒரே பையில் கட்டி வீசப்படும்போது அவற்றை அளைவது அந்தக் கைதான். யாழ்ப்பாணத்தில் அது யாருடைய கை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆங்கிலேயர் காலத்தில் நகரச் சுத்திகரிப்புக்கென்று தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட அருந்ததியர் சமூகத்தின் வழித்தோன்றல்கள் பலர் இன்றும் அதே தொழிலில் இருக்கின்றனர். கல்வி கற்று வெளியேற முயன்றவர்களையும் சாதியின் பெயரால் வாசலில் தடுத்தது எமது சமுதாயமே. ஒருபுறம் இயற்கையன்னை என்று உருகி, மறுபுறம் அவ்வன்னையின் மடியைக் கூட்டிப் பெருக்குபவரைத் தீண்டத்தகாதவராக ஒதுக்கிய எமது பண்பாட்டின் போலித்தனத்தை எந்த நிறத்து வாளியும் மூடி மறைக்காது. நாம் பிரித்து வைப்பதால் பூமி குளிர்ந்துவிடாது போகலாம். ஒரு தொழிலாளியின் விரல் வெட்டுப்படாமல் இருக்கும். இதற்குப் புள்ளிவிபரம் வேண்டாம்.

எஞ்சியதைச் சட்டத்தாலும் பொதுவமைப்பாலுமே செய்ய முடியும். 2017 செப்டெம்பரில் மெல்லிய பொலித்தீனுக்கும் சோறு கட்டும் பொலித்தீன் தாளுக்கும் ரெஜிபோம் பெட்டிக்கும் தடை வந்தது. 2021 மார்ச்சு 31 முதல், உணவும் மருந்தும் தவிர்ந்த ஏனையவற்றுக்கு, 20 கிராம் அல்லது 20 மில்லிலீற்றருக்கு மேற்படாத சிறு பக்கற்றுகள் தடைசெய்யப்பட்டன. தடைகள் ஏட்டில் ஏறிய வேகத்தில் கடைகளில் நடைமுறைக்கு வரவில்லை என்பது உண்மையே. எனினும் வழி அதுவே. ஷம்பூப் பக்கற்றை எந்த வாளியில் இடுவது என்று ஊர் முழுவதும் தலையைப் பிய்த்துக்கொள்வதைக் காட்டிலும், அந்தப் பக்கற்றே பிறவாமல் செய்வது எளிது. நாளாந்தக் கூலிக்காரி பெரிய போத்தல் வாங்கப் பணமின்றியே சிறு பக்கற்றை வாங்குகின்றாள் என்பதையும் தடை விதிப்போர் மறக்கலாகாது. கடையில் நிறுத்து, அளந்து, அவள் கொண்டுவரும் போத்தலில் ஊற்றிக் கொடுக்கும் பழைய முறையைக் கூட்டுறவுச் சங்கக் கடைகள் மீண்டும் தொடங்கலாம். நல்லெண்ணெயும் மண்ணெண்ணெயும் அவ்வாறுதான் விற்கப்பட்டன.

சபைகளிடம் கேட்க வேண்டியவையும் உள. பிரித்து வைத்த குப்பை பிரிந்தபடியே லொறியில் ஏறுகின்றதா? ஈரக் கழிவு எந்த நிலையத்துக்குப் போகின்றது? அங்கிருந்து மாதந்தோறும் எத்தனை தொன் எரு வெளிவருகின்றது? எந்தெந்தக் கொம்பனியின் உறைகள் மேட்டில் அதிகம் குவிகின்றன, அவற்றை அகற்றும் செலவில் அக்கொம்பனி கொடுப்பது எவ்வளவு? கூட்டிப் பெருக்கும் தொழிலாளருக்குக் கையுறையும் சப்பாத்தும் கடைசியாக வழங்கப்பட்டது எப்போது, அவர்களுள் எத்தனை பேர் நிரந்தர நியமனம் பெற்றவர்கள்? வரியிறுப்பாளர் சங்கங்களும் வாசிகசாலைகளும் இவ்வினாக்களை எழுதிச் சபைத் தலைவரிடம் கொடுத்து, எழுத்திலேயே பதில் கோரலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 முதல் நடைமுறையில் இருக்கின்றது. மனுவை எழுத ஒரு தாள் போதும்.