துணைக்குத் துணை யார்?

கடும் பிணியுற்ற குழந்தையை ஒரு வாரம் பிறர் கையில் ஒப்புவித்துவிட்டு, பெற்ற தாய் இளைப்பாறுவது அறமா, அறப்பிழையா? இவ்வாறு வினவினால் நம்மிற் பலர் பிழையென்றே விடை பகர்வர். தாய்மை என்பது இமை கொட்டாத காவல் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். இப்பழக்கம் நேரியதுதானா என்று சற்றே ஆராய்வோமாக.

அமெரிக்க நாட்டின் கனெக்டிகட் மாநிலத்தில், ஆஷ்போர்டு என்னும் ஊரில், திரைப்பட நடிகர் பால் நியூமன் 1988-ஆம் ஆண்டில் ஒரு முகாமை நிறுவினார். புற்றுநோய், இரத்த நோய்கள் முதலியவற்றால் வருந்தும் குழந்தைகள் கோடையில் அங்குச் சில நாள் தங்கி, நீந்தியும் மீன் பிடித்தும் குதிரையேறியும் களிக்கின்றனர். மருத்துவரும் செவிலியரும் அங்கேயே தங்கி மருந்தளிக்கின்றனர். குடும்பத்தாரிடம் காசு பெறுவதில்லை. 1994-ஆம் ஆண்டில் அயர்லாந்தின் கில்டேர் மாவட்டத்தில், பாரட்ஸ்டவுன் என்னும் பழங்கோட்டையிலும் இத்தகைய முகாம் தொடங்கப்பெற்றது.

இவை குழந்தைகளுக்காக எழுந்தவையே. எனினும் இவற்றின் பயன் வீட்டிலிருப்போரையும் சென்றடைகின்றது. ஏனெனில் ஒரு குழந்தை நோயுற்றால் வீடு முழுவதும் அந்நோயைச் சுமக்கின்றது. தாய் நள்ளிரவில் எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கின்றாள். தந்தை கடன் கணக்கை எண்ணிப் பெருமூச்செறிகின்றார். உடன்பிறந்த சிறுவனோ, தன் தலைவலியைச் சொல்லவும் நாணி மூலையில் ஒதுங்குகின்றான். ஆலையில் உழைத்தோர் அறிவர்: எட்டு மணி நேரம் கழிந்தால் சங்கு ஊதும், அடுத்த ஷிப்டுக்காரர் வந்து எந்திரத்தை ஏற்றுக்கொள்வார். நோயுற்ற குழந்தையின் தாய்க்கு அச்சங்கு என்றும் ஊதுவதில்லை. முகாம் அவளுக்கு ஊதும் சங்காகும்.

அதுமட்டுமன்று. குடும்பத்தார் அனைவரையும் வரவழைத்துச் சில நாள் தங்கச் செய்வதும், உடன்பிறந்தாருக்கெனத் தனி நாட்கள் ஒதுக்குவதும் இம்முகாம்களில் உண்டு. அங்கே ஒரு தாய் மற்றொரு தாயைக் காண்கின்றாள். உற்றாரிடம் சொல்லியும் விளங்காத துயரம் இவளிடம் பாதி சொல்லுமுன்னரே விளங்கிவிடுகின்றது.

"பிள்ளை துன்புறும்போது நான் உறங்குவதா?" என்று தாயின் நெஞ்சமே அவளைக் குத்துமே எனின், உண்மைதான். முதல் இரவு அவள் உறங்கவும் மாட்டாள். ஆனால் மறுபுறமும் நோக்குக. தன்னால் அன்னை தேய்வதைக் குழந்தை அறியாதென்றா எண்ணுகின்றோம்? அது நன்கறியும், அறிந்து, தன் வலியையும் மறைக்கும். அன்னை முகம் தெளிந்திருப்பதைக் காண்பது அக்குழந்தைக்கும் ஒரு மருந்தன்றோ? மேலும், அன்னையின்றியும் சில நாள் வாழ இயலும் என்றறிவது குழந்தைக்கு நம்பிக்கையையும், தாய்க்கு விடுதலையையும் தருகின்றது.

பகவான் புத்தர், வயிற்றுப்போக்கால் தன் மலசலத்திலேயே கிடந்த பிக்குவை ஆனந்தருடன் சேர்ந்து கழுவித் தூக்கிக் கிடத்தியதை நாமனைவரும் அறிவோம். அதற்கடுத்து வினயத்தில் வருவதை அத்துணை எண்ணுவதில்லை. இறந்த பிக்குவின் பாத்திரமும் சீவரமும் சங்கத்துக்கே உரியவை. ஆயினும் நோயில் பணிவிடை செய்தோர் பேருதவியாளராதலின், அவற்றை அவர்களுக்கு அளிக்கலாமென்று பகவான் அனுமதித்தார். நோயாளியைப் போற்றிய அவர், போற்றியவனையும் மறந்தாரில்லை. பணிவிடை செய்வோன் வெறுங்கருவியல்லன். அவனும் துக்கத்திற்கு உட்பட்ட உயிரே என்பதே இதன் கருத்தாக நாம் கொள்கின்றோம்.

ஒரு வார ஓய்வு நோயைத் தீர்க்காது. முகாம் முடிந்ததும் அதே மருந்துப் புட்டியும் அதே இரவுகளும் காத்திருக்கும். ஆயினும் சுமையை ஒருமுறை இறக்கி வைத்தவனுக்கே அதை மீண்டும் தூக்கும் தோள் உண்டாகும். ஆகவே தாயின் இளைப்பாறல் கடமையினின்று விலகுதலன்று. கடமையின் ஒரு பகுதியே. பிழை வேறிடத்தில் உள்ளது. அவள் தனியே தேய்வதைக் கண்டு, "என்னே தாயன்பு!" என்று புகழ்ந்துவிட்டு நம் வழியே செல்கின்றோமே, அதுவே பிழை.

கோட்டையும் ஏரியும் நம்மிடம் இல்லாமலிருக்கலாம். அண்டை வீட்டுத் திண்ணையில் ஒரு பிற்பகல் அமர்ந்து, "அம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன்; நீங்கள் சற்றே உறங்குங்கள்" என்று சொல்ல ஒரு வாய் உண்டன்றோ? அதைச் சொல்வோமாக.