சுவரும் வாய்மையும்

சுவருக்கு அணி வேண்டுமா என்பது அழகியல் வினா மட்டுமன்று, அறவியல் வினாவுமாகும். ஜோகூர்ப் பாருவில் இன்றைய வரிசை வீடுகள் சிலவற்றின் வரவேற்பறையில் கருங்கற் சுவர் போன்ற ஒன்று தோன்றும். தட்டிப் பார்த்தால் அது பிளாஸ்டிக் பலகை!

ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் அடோல்ஃப் லூஸ், 'அலங்காரமும் குற்றமும்' என்னும் உரையில், அலங்காரம் மனித உழைப்பை வீணாக்குகிறது எனக் கடிந்தார். அக்கடுமையைத் தோட்டத் தமிழர்பால் காட்டுதல் தகுமோ? லயத்து வீட்டின் சுவர் தோட்ட நிருவாகத்துக்கு உரியது. அதிலும் சாமிப் படங்களை மாட்டி மகிழ்ந்தனர் மூத்தோர். அவர்தம் மக்கள் சொந்தச் சுவரைப் பெற்றபின் அதனை அழகுசெய்ய விழைவது இயல்பே.

குற்றம் அணியில் இல்லை, பொய்ம்மையிலேயே உள்ளது. மேற்பூச்சு, தான் மூடியிருக்கும் பொருளே என மயக்குதல் ஆகாது என்று 1898ஆம் ஆண்டில் எழுதியவரும் அதே லூஸ்தாம். ஜோகூர்ப் பாருவின் இராஜகாளியம்மன் கோயிலில் ஏறத்தாழ 3 இலட்சம் வண்ணக் கண்ணாடித் துண்டுகள் ஒளிர்கின்றன. அவை மணிகளென நடிக்கவில்லை. கண்ணாடியாகவே நின்று கண்ணைக் கவர்கின்றன. செட்டிநாட்டு வீடுகளில் முட்டை வெண்கரு கலந்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவரும் அத்தகையதே. தேய்த்தவர் கையுழைப்பே அதன் பளபளப்பு.

பால்மரம் சீவிப் பிள்ளைகளை ஆளாக்கிய பெற்றோரின் படத்தைப் பின்னறைக்கு மாற்றிவிட்டு, அவ்விடத்தில் பொய்க்கல்லைப் பதிப்போரும் உளர். விருந்தினர் அதைக் கண்டு வியக்கலாம். ஆயினும் அவ்வீடு யாருடைய உழைப்பால் எழுந்தது என்பதை அச்சுவர் சொல்லாது.